எழுபத்தைந்து கிலோ ஏற்காடு

உத்திரமேரூர் கடைத்தெருவில் வேதாசலத்தின் வாயால் நல்ல வார்த்தை வாங்கிய ஆள் ஒருவரும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த நெல் மண்டியில் எடை போட்டு மூட்டை தைப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே தராசு, அதே கோணி ஊசி. தைத்து முடித்ததும் மூட்டையைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்ப்பார். அது அசையாது.

"இது மூட்டை. மத்தவன் தைக்கிறதெல்லாம் தலகாணி" என்பார்.

அது உண்மையாக இருந்ததுதான் ஊருக்கு எரிச்சல். எழுபத்தைந்து கிலோ என்றால் எழுபத்தைந்து கிலோ. அவர் தைத்து, நீல மையில் மண்டிக் குறி போட்டு அனுப்பிய மூட்டையை எந்த மில்லிலும் மறு எடை போட்டதில்லை.

இந்த ஒரு திறமையை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் அவர் எடை போட்டார். எதிர்க்கடை டீ கழுநீர். கோயில் நாயனக்காரர் வாசிப்பது வாத்துக் கத்தல். ஏரி நிறைந்து கலங்கல் வழிந்த வருஷம் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. இவரும் போய்ப் பார்த்துவிட்டு, "அறுவத்தாறுல போனது தண்ணி. இது எச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இப்படிப்பட்டவருக்குச் சோறு ஆக்கிப் போட்டவள் லீலாவதி. மண்டிக்குப் பின்னாலேயே வீடு. ஒரே மகளைச் செய்யூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். வேதாசலம் குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். அதனால் அவளால் யாரிடமும் போய் ஒரு குறையும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர் செய்வதெல்லாம் ருசி பார்ப்பதுதான். குழம்பு கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சமையலறை நிலைப்படியில் நிற்பார். கரண்டியை வாங்கி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்குவார். கண்ணை மூடுவார்.

"உப்பு நேத்து மாதிரியேதான் கீது."

நேற்று சரியாக இருந்ததா, இல்லையா என்று கேட்டால் சிரிப்பார். இருபத்துநாலு வருஷமாக, நாளுக்கு இரண்டு வேளை.

லீலாவதிக்கு வேண்டியிருந்தது நாலே நாள். அவர் இல்லாத நாலு நாள். புளி தூக்கலாக ஒரு காராமணிக் குழம்பு வைத்து வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டு மதியம் முழுக்கத் தூங்க வேண்டும். இது ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம், அவளுக்கு இதுதான் ஆசை. ஆனால் அந்த ஆள் கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் அன்றைக்கே திரும்பிவிடுவார். அடுத்த வீட்டுச் சோற்றில் குறை சொல்ல முடியாதாம், சொன்னால் சண்டைக்கு வருகிறார்களாம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை கடைசியில் ஒரு வழி பிறந்தது. வேதாசலத்தோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சைக்கிள் கடை எத்திராஜ். இன்னொருவர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் வரதன். நாற்பது வருஷமாக அவரிடம் வசவு வாங்கியும் விட்டுப் போகத் தெரியாத ஜென்மங்கள். வரதனின் மச்சான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலையாக இருந்தார். குவார்ட்டர்ஸில் ஓர் அறை காலி, வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தார். எத்திராஜும் வரதனும் யாருக்கும் தெரியாமல் கிளம்புவதாகத் திட்டம். யாருக்கும் என்றால் வேதாசலத்துக்கு.

லீலாவதி ஒரு ஜாடி ஊறுகாயோடு வரதன் பெண்சாதி தேவகியைப் பார்க்கப் போனாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரையும் அவங்ககூட இஸ்துக்கினு போவச் சொல்லேன்."

"அந்த ஆளையா? அடிப் பாவி, இந்த மனுசன் வருசத்துல நாலு நாளு சிரிக்கப் போறாரு. அதயும் கெடுக்கிறியே."

"எனக்கும் அந்த நாலு நாளுதாங்கா."

தேவகி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜாடியின் துணியை விலக்கி மோந்து பார்த்தாள். "எலுமிச்சங்காயா?"

"பெரிய ஜாடிக்கா."

வேதாசலத்தைச் சம்மதிக்க வைப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. ராத்திரிச் சோறு போடும்போது லீலாவதி மெதுவாக ஆரம்பித்தாள். "அவங்க ரெண்டு பேரும் ஏற்காடு போறாங்களாம். உங்களயும் கூப்புடணும்னு ஆசையாம். மூட்டை முடிச்சு கட்டக்கூடத் தெரியாது, அவன் வந்தாத்தான் ஆவும்னு வரதண்ணா சொல்லிக்கினு இருந்தாராம்."

வேதாசலம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அவனுங்களா? சேலத்துல எறங்கறதுக்குள்ள போட்ட சட்டையத் தவர எல்லாத்தயும் தொலைச்சிருவானுங்க. நான் போவலன்னா பிச்சை எட்த்துக்கினுதான் வரணும்."

"அதுக்குத்தான் சொல்றேன். பாவம், போயி வாங்க."

கிளம்புகிற நாள் வந்தது. காஞ்சிபுரம் பஸ் ஏழு மணிக்கு. அங்கே போய்ச் சேலம் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்பதால் ஐந்தரைக்கே இரண்டு பேரும் வேதாசலம் வீட்டில் ஆஜரானார்கள்.

எத்திராஜ் ஒரு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார். மூடி மூடவில்லை என்று சைக்கிள் டியூபால் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். கீழே வைத்ததும் டியூப் நழுவி, மூடி எழும்பி அவர் தாடையில் இடித்தது. உள்ளே இரண்டு வேட்டி, ஒரு காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பசை, ஒரு சைக்கிள் பெல்.

"பம்பு இன்னாத்துக்குடா?" என்றார் வேதாசலம்.

"அங்க வாடகை சைக்கிள் எட்த்தா? காத்து இல்லன்னா?"

"மலையில சைக்கிள நீதான்டா தூக்கிக்கினு போவணும். அதுக்குக் காத்து எதுக்கு?"

வரதன் மெத்தை ஒன்றைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவும் இல்லை, மெத்தையை இறக்கவும் இல்லை. விசாரித்தால், மெத்தையைக் கயிற்றால் கட்டும்போது தன் வேட்டி நுனியையும் சேர்த்துக் கட்டிவிட்டாராம். இறக்கினால் வேட்டி அவிழும். மூன்று தெரு இப்படியே நடந்து வந்திருக்கிறார். எத்திராஜ் கயிற்றை அறுத்ததும் மெத்தைக்குள்ளிருந்து ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் உருண்டு விழுந்தது. நிரப்பிய ஸ்டவ். மெத்தையில் பாதி எண்ணெய் இறங்கியிருந்தது. ஒரு புதுக் கம்பளியும் நாலு சட்டைகளும், காகிதத்தால் அடைத்த தேங்காய் எண்ணெய் பாட்டிலும் தேவகி கொடுத்தனுப்பிய அதே ஊறுகாய் ஜாடியும் வெளியே வந்தன. வழிக்குத் தொட்டுக்கொள்ள.

"முப்பது வருசமா ஜவுளிக்கடையில துணி மடிக்கிற. உன் துணிய மடிக்கத் தெரியல."

"அது மொதலாளி துணி" என்றார் வரதன்.

"மெத்தை எதுக்குடா? உன் மச்சான் வூட்ல தரை இல்லியா?"

"குளுரும்னாங்க."

"ஸ்டவ்வு?"

"பத்தலன்னா பத்த வெச்சிக்கலாம்னு."

வேதாசலம் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு அன்று காலையில் இருந்த சந்தோஷம் அவர் கல்யாணத்தன்றுகூட இருந்திருக்காது. மெத்தையும் ஸ்டவ்வும் கூடாது என்று ஒதுக்கினார். மற்ற எல்லாவற்றையும் வாரி ஒரு புதுக் கோணியில் போட்டு மில்லுக்குப் போகும் மூட்டைகள் அடுக்கியிருந்த மண்டித் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். ஊசியும் சணலும் அங்கேதான். தன் சட்டை வேட்டிகளையும் அதிலேயே திணித்தார். நடுவில் ஊறுகாய் ஜாடி. கோணியைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். பம்பு ஜாடியில் மோதி 'ணங்' என்றது.

"சத்தம் வருது. மூட்டைன்னா சத்தம் வரக்கூடாது. லீலா! ஒரு மரக்கா நெல்லு கொண்டா!"

லீலாவதி கொண்டுவந்தாள். அது குத்தகையில் வந்த நெல். கார்த்திகை வரைக்கும் வீட்டுக்கு வைத்திருந்தது. அதை மூன்று பேரின் வேட்டி சட்டைகளின் மேல் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெல்லு இன்னாத்துக்குடா?" என்றார் எத்திராஜ்.

"இடுக்கெல்லாம் அடைஞ்சிக்கும். ஜாடி அசையாது. அங்க போயி வரதன் மச்சானுக்குக் குடுத்துட்டு வர்றது. வெறுங்கையோடவா போவ முடியும்?"

மறுபடி குலுக்கல். பெல் 'கிணுங்' என்றது. இன்னொரு மரக்கால். அதற்கும் சத்தம் நிற்காமல் இன்னும் இரண்டு. மூட்டை மெல்ல மூட்டையின் உருவத்துக்கு வந்தது. அது வந்ததும் வேதாசலத்தின் கண்ணில் ஒரு மாதிரியான வெறி ஏறியது. அதைத் தூக்கித் தராசில் வைத்தார்.

"அம்பத்தொம்பது" என்று அருவருப்போடு சொன்னார்.

"சரி, தைச்சிரு. பஸ்ஸு வந்துரும்."

"அம்பத்தொம்பது கிலோவுல ஒரு மூட்டையா? பாக்கறவன் இன்னா சொல்லுவான்?"

"ஏற்காட்டுல எவன்டா தராசு வெச்சிக்கினு நிக்கிறான்?" என்று கத்தினார் வரதன். "யாரு இத்தத் தூக்கறது?"

"பஸ்ஸு மேல போட்டா பஸ்ஸு தூக்குது. லீலா! இன்னும் மூணு மரக்கா!"

லீலாவதி ஓட்டமும் நடையுமாக மூன்று முறை போய் வந்தாள். அந்தச் சமயத்தில் அவர் குதிரையே கேட்டிருந்தாலும் எங்கிருந்தாவது ஓட்டி வந்திருப்பாள். கடைசி மரக்காலில் பாதி போதும் என்றது தராசு. முள் எழுபத்தைந்தில் நின்றது. வேதாசலம் தைத்தார். இரண்டு மூலையிலும் பிடித்துத் தூக்கக் காது வைத்து, ஒரு தையல் முன்னே பின்னே இல்லாமல். தைத்த கை தானாகப் போய் மை டப்பாவை எடுத்தது, நீலத்தில் மண்டிக் குறியைப் போட்டது. காலால் ஓர் உதை. அசையவில்லை.

"இப்பப் பாருங்கடா" என்றார்.

பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. மூவரும் எதிர்க்கடைக்கு நாஷ்டா பண்ணப் போனார்கள். மூட்டையைத் தனியே விட்டுப் போகலாமா என்று எத்திராஜ் கேட்டதற்கு, "என் குறி கீது. எவன் தொடுவான்?" என்றார் வேதாசலம். இட்லியைப் பிட்டுப் பார்த்து, அதை வைத்துச் சுவர் கட்டலாம் என்றார். சட்னிக்குத் தனியாக ஒரு வசவு.

திரும்பி வந்தபோது தாழ்வாரம் காலியாகிப் பெருக்கியும் ஆகியிருந்தது. லோடு மேஸ்திரி செங்கேணி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"இங்க ஒரு மூட்டை இருந்திச்சே?"

"ஒரு மூட்டையா? நூத்தி இருவது இருந்திச்சி. எல்லாம் லாரியில ஏத்தி மில்லுக்கு அனுப்சாச்சி."

"அதுல ஒண்ணு எங்க துணிடா!"

"துணியா?" செங்கேணிக்குப் புரியவில்லை. "குறி இருந்திச்சேண்ணா."

"குறி நான் போட்டதுடா!"

"அதத்தான நானும் சொல்றேன்."

"தூக்கறப்போ தெரியலியா உனுக்கு?"

"தெரிஞ்சிதுண்ணா. இருந்ததுலயே அதான் சரியான மூட்டையா இருந்திச்சி."

எத்திராஜ் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்றுதான் தோன்றியது. சிரித்துக்கொண்டிருந்தார். வரதன், "என் கம்பளி, இன்னும் வெல ஒட்டன காயிதங்கூடப் பிரிக்கலடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேதாசலத்தின் முகம் கறுத்துப்போயிற்று.

"ஊரும் வேணா ஒண்ணும் வேணா. வூட்டுக்குப் போங்கடா" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

லீலாவதி அப்போதுதான் புளி ஊறப் போட்டிருந்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. காராமணியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் கை நின்றது. நடந்ததைக் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள். நாலு நாளில் முழுசாக ஒரு மணி நேரம்கூடக் கழியவில்லை.

"இன்னாத்துக்குப் போவல?" என்றாள்.

"மாத்துத் துணி இல்லாம எப்பிடிடி போவறது?"

"வரதண்ணா, துட்டு எங்க கீது?"

"இடுப்புலதான் கீது தங்கச்சி."

"அப்பறம் இன்னா? மச்சான் வூட்ல வேட்டி இல்லியா? நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸு ஏறுங்க. இவரு மில்லுக்குப் போயி மூட்டைய எட்த்துக்கினு நாளைக்கு உங்ககூட வந்து சேந்துக்கட்டும்."

"நான் எதுக்கு போவணும்? செங்கேணிப்பய போட்டும். ஏத்தனவன் அவன்தான" என்றார் வேதாசலம்.

லீலாவதி முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கல்லைத் தேடுவது போலக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"செங்கேணி போவட்டும். ஆனா அவனுக்கு உங்க தையல பிரிக்கத் தெரியாது. அருவா போட்டுத்தான் அறுப்பான். நூத்தி இருவதயும் கிழிச்சிப்புட்டு, அவன் கையாலயே திருப்பித் தைச்சி வெச்சிட்டு வருவான். அங்க பாக்கறவன் வேதாசலம் தைச்சதுன்னுதான் சொல்லுவான். குறி உங்களுதாச்சே."

வேதாசலம் செருப்பை மறுபடி மாட்டினார். பிறகு வாசல் நிலையில் செருகியிருந்த இன்னொரு கோணி ஊசியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். காஞ்சிபுரம் பஸ் எத்திராஜையும் வரதனையும் ஏற்றிக்கொண்டு போன பத்தாவது நிமிஷம் அவர் வாலாஜாபாத் பஸ்ஸில் இருந்தார்.

தென்னேரி போகிற ரோட்டில் இருந்தது அந்த மில். நூற்றிருபது மூட்டைகளும் மற்ற ஊர் மூட்டைகளோடு கலந்து கூரை முட்ட அடுக்கியாகிவிட்டது. எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்றால் எல்லாம் எழுபத்தைந்து. நெல் மாதிரி எடுக்கும் குத்தூசியை விட்டுப் பார்க்கலாமென்றால் எங்கே குத்தினாலும் நெல் வந்தது. இடுக்கெல்லாம் அடைத்தது அவரேதான். மில் மேஸ்திரி வீராசாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பிரிக்கிற மூட்டையைத் தைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

அன்று சாயங்காலம் மில்லிலிருந்து திரும்பிய லாரி டிரைவர், லீலாவதி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணி, அண்ணன் இன்னிக்கி வரமாட்டாராம். மூட்டை இன்னும் கெடைக்கல."

"எத்தினி பாத்திருக்காரு?"

"முப்பது இருக்கும்."

"பொறுமையா பாக்கச் சொல்லுப்பா" என்றாள் லீலாவதி. "அவசரம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

அன்றைக்கு மதியம் அவள் காராமணிக் குழம்பை வைத்துச் சாப்பிட்டிருந்தாள். தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. அரை மணி புரண்டு பார்த்துவிட்டு எழுந்து போய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து தூங்கினாள். இரண்டாம் நாள் தட்டை வைத்துவிட்டுத் தூங்க முடிந்தது. ஈ மொய்த்தது. மொய்க்கட்டும் என்று விட்டாள். மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். உப்பு கரித்தது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடவும் இல்லை, நிலைப்படியைப் பார்க்கவும் இல்லை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துக்கொண்டே முழுக்கச் சாப்பிட்டாள்.

இதற்குள் மூட்டை கிடைத்துவிட்டிருந்தது. இரண்டாம் நாள் மதியமே கிடைத்ததாம். அது லாரி டிரைவர் சொன்னது. பின் ஏன் வரவில்லை என்று கேட்டால் அவன் சிரித்தான். மற்ற ஊர் மண்டிகளிலிருந்து வந்த மூட்டைகளை அண்ணன் பார்த்துவிட்டாராம். தையலா அது என்று கேட்டாராம். யாரும் கேட்காமலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாராம். மில் சோற்றையும் சாம்பாரையும் திட்டாத நேரம் இல்லையாம். வீராசாமி மூன்று வேளையும் பரிமாறிவிட்டுத் தூரமாகப் போய் நின்றுகொள்கிறாராம்.

நாலாம் நாள் சாயங்காலம் வேதாசலம் மூட்டையோடு வந்து இறங்கினார். அதை எழுபத்தைந்துக்குக் குறையாமல் திரும்பத் தைத்திருந்தார். மறுநாள் எத்திராஜும் வரதனும் ஏற்காட்டிலிருந்து வந்தார்கள். ஒரே வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு, காப்பித் தோட்டத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் முகத்தில் சதை போட்டிருந்தது. ஏரியில் படகு ஓட்டினோம் என்றார் எத்திராஜ்.

"அது ஏரியா? குட்டை" என்றார் வேதாசலம். அவர் அதைப் பார்த்ததே இல்லை.

குழம்பு கொதிக்கிற நேரம் அவர் நிலைப்படிக்கு வந்து நின்றார். கரண்டிக்காகக் கை நீட்டினார். லீலாவதி கொடுத்தாள். நக்கினார். கண்ணை மூடினார்.

"மில்லுல சாம்பார் எப்பிடி இருந்திச்சி?" என்று அவள் கேட்டாள்.

"சாம்பாரா அது? மாட்டுக்குத் தண்ணி காட்டறான்."

"அப்ப இது?"

அவர் கண்ணைத் திறந்து கரண்டியைப் பார்த்தார். இருபத்துநாலு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டி வந்ததில்லை. "உப்பு போன வாரம் மாதிரியேதான் கீது" என்று முணுமுணுத்துவிட்டுப் பேச்சை மாற்றினார். "மில்லுக்காரன் கையப் புடிச்சிக்கினான். மாசாமாசம் கடைசியில நாலு நாளு வந்து தைச்சிக் குடுத்துட்டுப் போவணுமாம். நம்ம மண்டி மொதலாளிகிட்டயும் பேசிட்டானாம். அவனுங்களுக்கு ஒரு எழவும் தெரியல. நான் போவலன்னா மில்லையே மூடிருவானுங்க. நான் இன்னும் ஒண்ணியும் சொல்லல."

லீலாவதி அடுப்பைத் தணித்துவிட்டு உள்ளே போனாள். ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு. மடித்து மஞ்சள் பைக்குள் போட்டு, மேலே கோணி ஊசியைச் செருகினாள். வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வந்து மறுபடி கரண்டியைப் பிடித்தாள். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம் ஆகியிருக்காது. குழம்பு அடி பிடிக்கவில்லை.